எச்93.9: மெடிக்கல் எய்டு கணக்கில் ‘குறிப்பிடப்படாத காதுக் கோளாறு’ என்று வந்தால்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் தனியார் மருத்துவரிடம் காதைக் காட்டிவிட்டு வருகிறவர்களுக்குச் சில நாட்களில், சந்தா வாங்கிக்கொண்டு மருத்துவச் செலவை ஏற்கும் மெடிக்கல் எய்டு நிறுவனத்தின் கணக்கறிக்கை வந்து சேர்கிறது. ஆலோசனைக் கட்டணத்துக்கு எதிரே ‘எச்93.9’ என்று ஒரு குறியீடு. அதற்கு விளக்கமாக, ‘காதுக் கோளாறு, குறிப்பிடப்படாதது’ என்று ஒரு வரி. காதில் சீழ் பிடித்திருக்கிறது என்று மருத்துவர் வாயால் சொன்னது நினைவிருக்கும். கணக்கில் சீழும் இல்லை, செவிப்பறையும் இல்லை. பணம் மட்டும் உறுப்பினரின் சேமிப்புக் கணக்கிலிருந்து போயிருக்கும்.

இது ஏதோ புதிய நோயின் பெயரோ என்று சிலர் பயப்படுகிறார்கள். நிறுவனம் பணம் தராமலிருக்கச் செய்யும் தந்திரம் என்று சிலர் கோபப்படுகிறார்கள். இரண்டுமே தவறான எண்ணம். காதில் என்ன என்பதை யாரோ ஒருவர் எழுதாமல் விட்டிருக்கிறார் என்பதற்கு மேல் எச்93.9 எதுவும் சொல்வதில்லை. அப்படி விடுவது சில நேரம் நேர்மை, சில நேரம் சோம்பல். எதுவாக இருந்தாலும், தென்னாப்பிரிக்காவின் சட்ட அமைப்பில் அதன் விலையைப் பெரும்பாலும் நோயாளிதான் கொடுக்கிறார்.

குறியீடு எங்கிருந்து வருகிறது

உலக சுகாதார நிறுவனம் நோய்களுக்கெல்லாம் எண் கொடுத்து வகைப்படுத்தியிருக்கிறது. அதன் பத்தாவது திருத்தப் பதிப்புதான் ஐ.சி.டி.-10. 1990இல் உலக சுகாதாரப் பேரவை அதை ஏற்றது. 1994 முதல் நாடுகள் அதைப் பயன்படுத்தத் தொடங்கின. தென்னாப்பிரிக்காவில் 1998ஆம் ஆண்டின் 131ஆம் எண் மருத்துவத் திட்டச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 5ஆவது விதி, ஒவ்வொரு பில்லிலும் நோய்க் குறியீடு இருக்க வேண்டும் என்கிறது. 2005 முதல் தனியார் துறையில் இது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

ஒரு பில்லில் மூன்று வகை எண்கள் இருக்கும்.

1. நோய்க் குறியீடு: ஏன் வந்தீர்கள் என்பதற்கு.
2. கட்டணக் குறியீடு: மருத்துவர் என்ன செய்தார் என்பதற்கு.
3. நாப்பி குறியீடு: எந்த மருந்து, எந்தப் பொருள் என்பதற்கு.

மெடிக்கல் எய்டு நிறுவனத்தின் கணினி இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கும். காதுக் குறும்பியை உறிஞ்சி எடுத்ததற்கான கட்டணத்தோடு எச்61.2 என்ற குறும்பி அடைப்புக் குறியீடு வந்தால் கேள்வியே எழாது. அதே கட்டணத்தோடு எச்93.9 வந்தால், எதற்காக இதைச் செய்தார்கள் என்ற கேள்விக்குப் பில்லில் பதில் இருக்காது.

காதுக்கு ஒதுக்கிய எண்கள்

ஐ.சி.டி.-10இன் எட்டாவது அத்தியாயம் முழுக்கக் காதுக்கும் காதின் பின்னெலும்புக்கும் உரியது. எச்60 முதல் எச்95 வரை. அமைப்பு எளிது: வெளியிலிருந்து உள்ளே போகிறது.

எச்60 முதல் 62 வரை புறச்செவி. கடலிலும் நீச்சல் குளத்திலும் கிடக்கும் பிள்ளைகளுக்கு வரும் காதுத்துளை அழற்சி இங்கேதான். எச்65 முதல் 75 வரை நடுச்செவி: சீழ் பிடிப்பது, செவிப்பறையில் ஓட்டை, எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா. எச்80 முதல் 83 வரை உட்செவி: மெனியர் நோய், தலை திரும்பினால் சுற்றும் கிறுகிறுப்பு, இரைச்சலால் வந்த பாதிப்பு. மிச்சமெல்லாம் எச்90 முதல் 95க்குள். கேட்கும் திறன் குறைவது எச்90, எச்91; காதுவலி எச்92.0, காது ஒழுகுவது எச்92.1, காதுக்குள் ஓயாத இரைச்சல் எச்93.1.

இவை அத்தனையும் தீர்ந்த பிறகு, வரிசையின் கடைக்கோடிக்கு அருகே எச்93.9 நிற்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் எழுதி, தெருவும் கதவெண்ணும் எழுதாமல் பெட்டியில் போட்ட கடிதம் போன்றது அது. ஊருக்கு வந்து சேரும், வீட்டுக்கு வராது.

அதற்கு முந்தைய எண்ணான எச்93.8ஐ இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மருத்துவர் ஒரு நோயைத் தெளிவாக எழுதியிருக்கிறார், ஆனால் பட்டியலில் அதற்குத் தனி எண் இல்லை என்றால் .8. மருத்துவர் எழுதவே இல்லை என்றால் .9. ஒன்று பட்டியலின் குறை, மற்றது குறிப்பேட்டின் குறை. மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் பில் தயாரிக்கும் மேசைகளில் இந்த இரண்டும் மாறிப்போவது சாதாரணமாக நடக்கிறது.

இணையத்தில் கிடைக்கும் எச்93.91 இங்கே செல்லாது

தேடுபொறியில் தட்டினால் முதலில் வருவது அமெரிக்கப் பக்கங்கள். அங்கே எச்93.90, எச்93.91, எச்93.92, எச்93.93 என்று நான்கு எண்கள் இருக்கும். கடைசி இலக்கம் எந்தக் காது என்பதைச் சொல்கிறது: 1 வலது, 2 இடது, 3 இரண்டும், 0 எழுதப்படவில்லை. இது அமெரிக்கா தன் நாட்டுக்காக விரித்து எழுதிக்கொண்ட பதிப்பு. 2015 அக்டோபர் 1 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது.

தென்னாப்பிரிக்கா பயன்படுத்துவது உலக சுகாதார நிறுவனத்தின் மூலப் பதிப்பு. எந்தெந்த எண்கள் செல்லும் என்பதற்கு இந்நாட்டுக்கென்று ஒரு முதன்மைப் பட்டியல் உண்டு. எச்93.9 அதில் நான்கு எழுத்துகளோடு முடிந்துவிடுகிறது. வலது, இடது இல்லை. எச்93.91 என்று எழுதி அனுப்பினால் செல்லாத எண் என்று திரும்பி வரும். ‘எச்93’ என்று பாதியில் நிறுத்தினாலும் அப்படித்தான்.

ஆகவே இங்கே எந்தக் காது என்ற தகவல் குறியீட்டில் ஏறாது. மருத்துவரின் எழுத்தில் மட்டுமே இருக்கும். அந்த எழுத்தும் இல்லையென்றால் எங்கேயும் இருக்காது. 2019இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் உலக அளவில் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11இல் பக்கத்தைக் குறிக்கத் தனி ஒட்டுக் குறியீடுகள் இருக்கின்றன. இங்குள்ள பில்களில் ஓடுவது பழைய பத்துதான்.

எப்போது அது நியாயம்

முதல் சந்திப்பில் ஒரு மருத்துவருக்கு உண்மையிலேயே தெரியாமல் போகலாம். காது வலித்தால் நல்லெண்ணெயைச் சூடாக்கி இரண்டு சொட்டு விடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. எண்ணெயும் குறும்பியும் சேர்ந்து அடைத்த காதுக்குள் செவிப்பறை தெரியாது. தெரியாததை மருத்துவர் எழுதவும் முடியாது. (செவிப்பறையில் ஏற்கெனவே ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் நடுச்செவிக்குள்ளேயே போய்விடும் என்பது வேறு கதை.) தொட விடாமல் கத்தும் இரண்டு வயதுக் குழந்தையின் காதும் அப்படித்தான்.

ஆனால் அப்போதும் எச்93.9ஐவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. நோய் உறுதியாகாதபோது அறிகுறியைக் குறியிட வேண்டும் என்பது இந்த வகைப்பாட்டின் அடிப்படை விதிகளில் ஒன்று. ‘நடுச்செவியில் சீழாக இருக்கலாம்’ என்று சந்தேகித்தால் சீழின் எண்ணைப் போடக் கூடாது. அது இல்லாத நோயை இருப்பதாகச் சொல்வது. காதுவலிக்கு எச்92.0 போடலாம். ஒழுகினால் எச்92.1. நோயாளி எதற்காக வந்தார் என்பதாவது அதில் தெரியும். வலியோடு வந்தவருக்கு எச்93.9 போடுவது கையில் இருந்த தகவலையும் தூக்கி எறிவது.

சில நேரம் காதுவலிக்குக் காதே காரணமாக இருக்காது. கடைவாய்ப் பல்லும் தாடை மூட்டும் காதில் வலியைக் காட்டும். அங்கே காதுக் கோளாறு என்று எழுதுவது குறிப்பிடப்படாதது மட்டுமல்ல, தவறும்கூட.

மூன்றாம் முறை வந்து, கருவியால் பார்த்து, செவித்திறன் சோதனையும் எடுத்த பிறகு அதே எச்93.9 தொடர்ந்தால் அதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: முதல் நாள் போட்ட எண் கணினியில் தங்கிவிடுகிறது, வரவேற்பு மேசை அதையே அடுத்த பில்லிலும் அச்சிடுகிறது, பரிந்துரைக் கடிதத்தில் அது ஏறுகிறது, செவித்திறன் நிபுணரும் அதையே நகலெடுக்கிறார்.

எந்தப் பையிலிருந்து பணம் போகிறது

கணக்கறிக்கையைப் பார்த்துக் கோபப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. தென்னாப்பிரிக்காவில் சுமார் 90 லட்சம் பேர் மெடிக்கல் எய்டில் இருக்கிறார்கள். அவர்கள் கட்டும் சந்தாவில் ஒரு பங்கு சில திட்டங்களில் உறுப்பினரின் தனிச் சேமிப்புக் கணக்குக்குப் போகும். சட்டப்படி அது சந்தாவில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மீதி எல்லோருக்கும் பொதுவான நிதி.

சட்டம் ‘கட்டாயக் குறைந்தபட்சப் பலன்கள்’ என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பேச்சில் பி.எம்.பி. என்பார்கள். எந்த மலிவான திட்டமானாலும் இந்தப் பட்டியலில் உள்ள நோய்களுக்கான செலவை நிறுவனம் பொது நிதியிலிருந்து முழுமையாகத் தர வேண்டும். உறுப்பினரின் சேமிப்பைத் தொடக் கூடாது. நிறுவனம் ஒப்பந்தம் செய்துள்ள மருத்துவரை விட்டுவிட்டு நீங்களாகவே வேறொருவரிடம் போனால் மட்டும் வித்தியாசத்தை உங்களிடம் கேட்கலாம்.

காதுக்கு இந்தப் பட்டியலில் இடம் குறைவுதான். 26 நாட்பட்ட நோய்களின் வரிசையில் கண்ணுக்கு கிளாக்கோமா இருக்கிறது. காதுக்கு எதுவுமே இல்லை. மற்றொரு பகுதியில் உள்ள சுமார் 270 நோய்நிலைகளில் காதுக்கு உரியவை சில உண்டு.

1. நடுச்செவியில் திடீரெனப் பிடிக்கும் அழற்சி.
2. காதின் பின்னெலும்பில் பரவிய தொற்று.
3. காதுக்குள் போய்ச் சிக்கிய பொருள்: மணி, பருத்திப் பஞ்சு, பூச்சி.
4. செவிப்பறையில் ஏற்பட்ட காயம்.

இனி எச்93.9ஐ இதன் அருகில் வைத்துப் பாருங்கள். பிள்ளைக்கு நடுச்செவியில் சீழ். எச்66.0 என்று வந்தால் அது பட்டியலோடு பொருந்தும். எச்93.9 என்று வந்தால் கணினிக்கு அது ஏதோ ஒரு காதுப் பிரச்சினை. சேமிப்பிலிருந்து கழித்துவிடும், சேமிப்பு தீர்ந்திருந்தால் கையிலிருந்து கட்டச் சொல்லும். உரிமை நோயைப் பொறுத்தது என்பதுதான் சட்டம். கணினி பார்ப்பதோ எண்ணை மட்டுமே.

நிறுவனம் மாறும்போதும் இது உறுத்தும். புதிதாகச் சேர்பவருக்கு, விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்களில் ஆலோசனையோ சிகிச்சையோ பெற்ற நோய்க்கு 12 மாதம் வரை காத்திருப்புக் காலம் விதிக்கச் சட்டம் சில சூழல்களில் இடம் தருகிறது. குறும்பி எடுத்ததை ‘காதுக் கோளாறு’ என்று பதிந்து வைத்திருந்தால், அந்தக் காத்திருப்பு எவ்வளவு அகலமாக எழுதப்படும் என்ற கவலை நியாயமானதே.

அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இப்படி வராது. அங்கே கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது, குறியீட்டைப் பொறுத்ததல்ல.

எழுதாமல் விட்டால் காணாமல் போகும் இரண்டு நோய்கள்

பணம் திரும்பக் கிடைத்துவிடலாம். இந்த இரண்டில் இழப்பது வேறு.

முதலாவது, இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை. சர்க்கரை ஆலைகளிலும் துணி ஆலைகளிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் வாழ்நாளைக் கழித்த தலைமுறை நம் குடும்பங்களில் இருக்கிறது. வேலையிடத்து இரைச்சல் 85 டெசிபலை எட்டினால் தொழிலாளியின் காதைப் பாதுகாக்க வேண்டிய கடமை முதலாளிக்கு உண்டு என்று 2003இல் விதி வந்தது. காது போனபின் இழப்பீடு கேட்க 1993ஆம் ஆண்டின் 130ஆம் எண் இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதற்கு அடிப்படை அளவு, அதாவது ஆரம்பத்தில் எடுத்த செவித்திறன் சோதனையின் முடிவு, வேண்டும். 2001இல் வந்த 171ஆம் எண் அறிவுறுத்தலின்படி, அந்த அளவிலிருந்து இழப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்க வேண்டும். காரணம் இரைச்சல் என்று எழுத்தில் இருக்க வேண்டும். இதற்கு எச்83.3 என்ற எண் இருக்கிறது. இரைச்சலுக்கு ஆளானதைச் சொல்ல டபிள்யூ42 என்ற புறக்காரணக் குறியீடும் இருக்கிறது. பத்து ஆண்டுகள் எச்93.9 என்றே எழுதிவந்த கோப்பைக் கொண்டுபோய் வைத்தால், இழப்பீட்டு அலுவலகம் அதில் எதைப் பார்க்கும்?

இரண்டாவது, மருந்தால் போன காது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக் கனமைசின், அமிகசின் ஊசிகளை மாதக்கணக்கில் போட்ட காலம் ஒன்று இருந்தது. குவாசுலு-நட்டாலில் இந்த நோய் மிகுதி. அந்த ஊசிகள் உட்செவியின் நுண்ணிய மயிர்ச்செல்களைக் கொல்கின்றன; போன செல்கள் திரும்பி வருவதில்லை. 2018இல் தென்னாப்பிரிக்கா ஊசிகளை விட்டு பெடாகுவிலின் மாத்திரைக்கு மாறியதற்கு இந்தச் செவிட்டுத்தன்மை ஒரு முக்கியக் காரணம். இதற்கு எச்91.0, கூடவே மருந்தின் வகையைச் சொல்ல ஒய்40.5. இந்த இரண்டு எண்களும் சேர்ந்து வந்தால்தான் எத்தனை பேருக்கு ஊசி காதைப் பறித்தது என்று எண்ண முடியும். எச்93.9 என்று பதியப்பட்டவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

இவை மெதுவாக வருபவை. ஒரே நாளில் ஒரு காது கேட்காமல் போவதும் உண்டு. அதன் எண் எச்91.2. அதற்கு ஸ்டீராய்டு சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்க வேண்டும். பரிந்துரைக் கடிதத்தில் ‘காதுக் கோளாறு’ என்று மட்டும் எழுதியிருந்தால் நிபுணரின் வரவேற்பு மேசை மூன்று வாரம் கழித்து நாள் கொடுக்கும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

குறிப்பேட்டில் இருக்க வேண்டியவை

எண்ணைத் தேர்ந்தெடுப்பவர் மருத்துவரின் எழுத்தைத் தாண்டி எதையும் ஊகிக்கக் கூடாது. ஆகவே எழுத்தில் இவை வேண்டும்:

1. வலதா, இடதா, இரண்டுமா.
2. புறச்செவியா, நடுச்செவியா, உட்செவியா.
3. எத்தனை நாளாக; முதல் முறையா, திரும்பத் திரும்ப வருவதா.
4. கருவியால் பார்த்தபோது செவிப்பறை எப்படி இருந்தது. தெரியவில்லை என்றால் ஏன் தெரியவில்லை.
5. செவித்திறன் சோதனை எடுத்திருந்தால் அதன் முடிவு.
6. காரணம் தெரிந்தால் காரணம்: நீர், அடி, இரைச்சல், மருந்து, சளி.

நான்காவதுதான் அதிகம் விடுபடுவது. ‘குறும்பியால் செவிப்பறை தெரியவில்லை’ என்ற ஒரு வரி இருந்தாலே எச்93.9 தேவைப்படாது, எச்61.2 கிடைத்துவிடும்.

நீங்கள் செய்யக்கூடியது

குறியீட்டை மாற்றும் அதிகாரம் நோயாளிக்கும் இல்லை, மெடிக்கல் எய்டு நிறுவனத்துக்கும் இல்லை. சிகிச்சை அளித்தவர் மட்டுமே தம் குறிப்பைப் பார்த்துத் திருத்தி அனுப்பலாம். எனவே நிறுவனத்தின் தொலைபேசியில் மணிக்கணக்கில் காத்திருந்து பயனில்லை. முதலில் கேட்க வேண்டியது மருத்துவரின் அலுவலகத்தில், இப்படி: ‘டாக்டரின் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது? பில்லில் உள்ள எண் அதோடு பொருந்துகிறதா?’

பி.எம்.பி. கிடைக்கிற எண்ணாகப் போட்டுக்கொடுங்கள் என்று கேட்பது வேறு விஷயம். குறிப்பில் இல்லாத நோயைப் பில்லில் எழுதுவது மோசடி, இருவருமே மாட்டிக்கொள்வார்கள்.

காலக்கெடு மூன்று. சிகிச்சை நடந்த மாதத்தை அடுத்து வரும் நான்காவது மாதத்தின் கடைசி நாளுக்குள் பில் நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பில்லில் பிழை இருந்தால் நிறுவனம் 30 நாட்களுக்குள் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும். அதன்பின் திருத்தி அனுப்ப 60 நாட்கள் உண்டு. சரியான எண்ணோடு அனுப்பியும் பி.எம்.பி. மறுக்கப்பட்டால், பிரிட்டோரியா அருகே செஞ்சுரியனில் உள்ள மருத்துவத் திட்டக் கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் செய்யலாம். அதற்கு முன் நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பின் நகலைக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. சுகாதாரத் தொழில் கவுன்சிலின் வழிகாட்டலின்படி மருத்துவர் பதிவுகளைக் குறைந்தது 6 ஆண்டுகளும், சிறுவர்களின் பதிவுகளை அவர்களுக்கு 21 வயதாகும் வரையும் வைத்திருக்க வேண்டும். தொழில்சார் நோய் என்றால் 20 ஆண்டுகள். ஆலை வேலையை விட்டவர்கள் அந்த 20 ஆண்டுக் கணக்கைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

நோயைச் சொல்ல விருப்பமில்லை என்றால்

சிலர் வேண்டுமென்றே தெளிவில்லாத எண்ணைக் கேட்பதுண்டு: காது கேட்கவில்லை என்று வேலையிடத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். நோய்க் குறியீடு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. உங்கள் ஒப்புதல் இல்லாமல் மெடிக்கல் எய்டு நிறுவனம் அதை முதலாளிக்குக் கொடுக்கக் கூடாது, முதலாளியே சந்தாவில் பாதியைக் கட்டினாலும். அப்படியும் சொல்ல விருப்பமில்லை என்றால் தென்னாப்பிரிக்கப் பட்டியலில் அதற்கென்றே யு98.0 இருக்கிறது: நோயாளி தகவல் தர மறுத்தார் என்று பொருள். அதைப் போட்டால் நிறுவனம் பணம் தர மறுக்கலாம். அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்பவர்களுக்கான எண் அது, எச்93.9 அந்த வேலைக்காக வைக்கப்பட்டதல்ல.